கால் பங்கு காசு, முழுப் பெயர்: பணக்கார அமெச்சூர்களை நம்பி என்ஸோ ஃபெராரி ரேஸ் டீம் கட்டியது எப்படி?

1929 நவம்பர் 16. இத்தாலியின் பொலோன்யா நகரில் ஒரு பாராட்டு விருந்து. மஸெராட்டி காரில் வேகச் சாதனை படைத்த போர்ஸாக்கினி என்ற டிரைவருக்காக ஏற்பாடு செய்தது. கார் கம்பெனிக்காரர்கள், டயர் கம்பெனிக்காரர்கள், ரேஸ் பைத்தியம் பிடித்த பணக்கார வீட்டுப் பிள்ளைகள் என்று நல்ல கூட்டம். அந்தக் கூட்டத்தில் 31 வயது ஆல்ஃபா ரோமியோ டீலர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார். பெயர் என்ஸோ ஃபெராரி. விருந்து முடிந்து கிளம்பும்போது தன் அடுத்த தொழிலுக்கு முதலீட்டாளர்களைப் பிடித்துவிட்டிருந்தார்.

அடுத்த இரண்டு வாரத்தில் மொடேனா நகரில் ஒரு வக்கீல் ஆபீஸில் பத்திரம் எழுதியாகிவிட்டது. மொத்த முதலீடு 2,00,000 லிரா. அதில் 1,30,000 லிரா போட்டது கனியாட்டோ சகோதரர்களும் மாரியோ டாடினியும். கனியாட்டோக்கள் ஜவுளித் தொழில் குடும்பம், டாடினியும் வசதியானவர். மூவருக்குமே ரேஸ் ஓட்ட ஆசை. ஆல்ஃபா ரோமியோ 10,000 போட்டது. டயர் கம்பெனி பிரெல்லி 5,000. ஃபெருச்சியோ டெஸ்டி என்ற நண்பர் 5,000. என்ஸோ போட்டது 50,000, அதாவது சரியாகக் கால் பங்கு.

ஆனா கம்பெனிக்கு வைத்த பெயர் ஸ்குடேரியா ஃபெராரி.

இன்றைக்கு ஃபெராரி என்றதும் ஃபார்முலா 1, சிவப்பு நிறம், கோடிகளில் விலை எல்லாம் ஞாபகம் வருகிறது. ஆனால் ஆரம்பத்தில் அது கார் தயாரிக்கிற கம்பெனியே கிடையாது. காசு இருக்கிறது, ஆசை இருக்கிறது, ஆனால் காரைப் பராமரிக்கத் தெரியாது என்கிற அமெச்சூர் டிரைவர்களுக்கான சர்வீஸ் கம்பெனி. அந்த யோசனை எப்படி வந்தது, அதில் யார் காசு எங்கே போனது என்பதுதான் என்ஸோவின் வாழ்க்கையிலேயே சுவாரசியமான பகுதி.

பட்டறை வீட்டுப் பையன்

என்ஸோ 1898 பிப்ரவரியில் மொடேனாவில் பிறந்தார். அப்பா உலோகப் பட்டறை வைத்திருந்தார், ரயில்வேக்கு வேலை செய்து கொடுப்பார். ஃபெராரி என்பது இத்தாலியில் சர்வ சாதாரணமான குடும்பப் பெயர். கொல்லர் வேலையிலிருந்து வந்த பெயர் அது. 10 வயதில் அப்பா பொலோன்யாவுக்கு ரேஸ் பார்க்கக் கூட்டிப்போனார். அங்கேதான் பித்துப் பிடித்தது.

1916-ல் அப்பா இறந்தார். அதே வருஷம் அண்ணனும் போனார். முதல் உலகப் போரில் ராணுவத்துக்கு எடுத்தார்கள். அங்கே கொடுத்த வேலை, பீரங்கி இழுக்கும் கோவேறு கழுதைகளுக்கு லாடம் அடிப்பது! கடுமையான காய்ச்சலில் படுத்து, சாவின் விளிம்பு வரை போய், 1918-ல் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். டூரினுக்குப் போய் ஃபியட் கம்பெனியில் வேலை கேட்டார். இடமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பக்கத்துப் பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அழுததாகப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். இந்த ஃபியட் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், 50 வருஷம் கழித்து மறுபடி வரும்.

சின்ன வேலைகள் பார்த்து, டெஸ்ட் டிரைவராகி, 1919-ல் முதல் ரேஸ் ஓட்டினார். 1920-ல் ஆல்ஃபா ரோமியோவுக்குள் நுழைந்தார். டிரைவராக மோசமில்லை. அந்த வருஷம் சிசிலியின் டார்கா ஃப்ளோரியோவில் இரண்டாமிடம், 1923-ல் ரவென்னாவில் வெற்றி, 1924-ல் பெஸ்காராவில் இன்னொரு பெரிய வெற்றி. ஆனால் நுவோலாரி, வார்ஸி ரேஞ்சுக்கு வரக்கூடியவர் அல்ல. அது அவருக்கே தெரிந்திருந்தது.

அவருடைய நிஜத் திறமை வேறு இடத்தில் இருந்தது: ஆளைப் பிடிப்பது. ஃபியட்டின் திறமையான இன்ஜினியர் விட்டோரியோ யானோவை ஆல்ஃபாவுக்கு இழுத்து வந்ததில் என்ஸோவுக்கு முக்கியப் பங்கு உண்டு. இடையில் மொடேனாவில் கார் பாடி கட்டும் தொழில் ஒன்றை ஆரம்பித்துக் கையைச் சுட்டுக்கொண்டார். அதற்கப்புறம் ஆல்ஃபாவின் டீலர்ஷிப். கார் வாங்க வருகிற பணக்காரர்கள் என்ன நினைக்கிறார்கள், எதற்குக் காசை அள்ளி விடுவார்கள், எதற்கு முகம் சுளிப்பார்கள் என்பதெல்லாம் அந்த ஷோரூமில்தான் புரிந்தது.

லாயத்தில் குதிரை விடுவது மாதிரி

ஸ்குடேரியா என்றால் குதிரை லாயம். பெயரிலேயே பிசினஸ் இருக்கிறது. பந்தயக் குதிரை வாங்கும் முதலாளி அதற்குப் புல் போட மாட்டார். லாயத்தில் விட்டுவிடுவார், பந்தயத்தன்று வருவார். என்ஸோ அதையே காருக்குச் செய்தார்.

அன்றைய அமெச்சூர் டிரைவரின் பிரச்சினையை யோசித்துப் பாருங்கள். ஆல்ஃபா ரோமியோவில் போய் ரேஸ் கார் வாங்கலாம், காசு இருக்கிறது. அதற்கப்புறம்? மெக்கானிக் வேண்டும். ஸ்பேர் பார்ட்ஸ் வேண்டும். இந்த ஞாயிறு ஒரு ஊர், அடுத்த ஞாயிறு இன்னொரு ஊர் என்று காரை லாரியில் ஏற்றி இறக்க வேண்டும். ரேஸ் நடத்துபவர்களிடம் என்ட்ரி போட வேண்டும். ஒரு கியர் உடைந்தால் சீசனே போச்சு.

என்ஸோ சொன்ன ஏற்பாடு எளிமையானது. எல்லாத் தலைவலியும் எங்களுடையது, நீங்கள் ஹெல்மெட்டோடு வந்தால் போதும். தனியாக ஏதாவது உதவி வேண்டுமா? அதற்குத் தனி பில்.

டிரைவர்களுக்குச் சம்பளம் கிடையாது, பரிசுப் பணத்தில் ஒரு பங்குதான். ஒரு டீமின் மிகப் பெரிய செலவு இதனாலேயே கணக்கிலிருந்து காணாமல் போனது. சம்பளம் வாங்க வேண்டியவர்களில் பலர் இங்கே காசு கொடுக்கிற வாடிக்கையாளர்கள்.

அடுத்த வருமானம், ஸ்டார்ட்டிங் மணி. ரேஸ் நடத்துபவர்கள், ஜெயித்தால் தரும் பரிசு போக, வந்து கலந்துகொள்வதற்கே டீம்களுக்குப் பணம் கொடுப்பார்கள். பெரிய பெயர் வந்தால்தான் டிக்கெட் விற்கும். அதனால்தான் என்ஸோவுக்கு டாஸியோ நுவோலாரி தேவைப்பட்டார். ஒரு நுவோலாரி வருகிறார் என்றால் அவரோடு சேர்த்து நாலு அமெச்சூர்களையும் அதே ரேஸில் இறக்கலாம். அமெச்சூருக்கும் லாபம்தான். நுவோலாரி ஓட்டும் டீமில் நானும் ஓட்டுகிறேன் என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாமே! அந்தப் பெருமைக்குப் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் எவ்வளவு கொடுப்பார்கள் என்பதை டீலர் என்ஸோ நன்றாகவே அறிந்திருந்தார்.

மூன்றாவது, சப்ளையர்கள். டயருக்கு பிரெல்லி, ஆயிலுக்கு ஷெல், இன்னும் பாஷ், சாம்பியன் என்று ஒவ்வொரு கம்பெனியோடும் தனித்தனி ஏற்பாடு. ஜெயித்தால் விளம்பரம் அவர்களுக்கு, பொருளும் உதவியும் இவருக்கு. ஸ்பான்சர் ஸ்டிக்கர் கார் முழுக்க ஒட்டும் காலம் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இது நடந்தது. டீமின் சாதனைகளைத் தொகுத்து ஆண்டு மலர் மாதிரி புத்தகமும் போட்டார். அதுவும் ஒரு விளம்பரம்தானே.

ஆல்ஃபா ரோமியோவுக்கு இதில் என்ன? வாடிக்கையாளர்களின் ரேஸ் கார்களைப் பார்த்துக்கொள்ளும் தொல்லை விட்டது. ஜெயித்தால் ஆல்ஃபா கார் ஜெயித்தது. தோற்றால் மொடேனாவில் ஏதோ ஒரு பிரைவேட் டீம் தோற்றது. 10,000 லிராவுக்கு இதைவிட மலிவான ஏற்பாடு கிடைக்குமா?

1930 ஏப்ரலில் மில்லே மிலியாவில் டீம் அறிமுகமானது. இத்தாலியின் சாலைகளில் 1,000 மைல் ஓடும் ரேஸ் அது. காரை ஓட்டியவர்களில் முதலீட்டாளர்களே இருந்தார்கள். பெரிதாக ஒன்றும் கிழிக்கவில்லை. ஜூன் 15-ம் தேதி ட்ரியஸ்டே மலைச்சாலை ரேஸில் நுவோலாரி முதல் வெற்றியைக் கொண்டுவந்தார். அந்த முதல் சீசனின் கணக்கு: முழுநேரமும் பகுதிநேரமுமாகச் சுமார் 50 டிரைவர்கள், 22 ரேஸ், 8 வெற்றி. 50 டிரைவர் என்ற எண்ணைப் பாருங்கள். இன்றைய ஃபார்முலா 1 டீமில் ரேஸுக்கு இரண்டே பேர்தான்.

மொடேனாவில் பட்டறை, அதற்கு மேல் மாடியில் என்ஸோவின் வீடு. 1931 ஆகஸ்டில் தன் கடைசி ரேஸை ஓட்டினார், நுவோலாரிக்கு அடுத்து இரண்டாமிடம். 1932 ஜனவரியில் மகன் டீனோ பிறந்ததும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டார். அந்த வருஷ ஜூலையில் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேர ரேஸில் டீமின் கார்கள் முதல் முறையாக ஒரு சின்னத்தோடு வந்தன. பாய்ந்து நிற்கும் கருங்குதிரை. போரில் இறந்த விமானி ஃபிரான்செஸ்கோ பராக்காவின் விமானத்தில் இருந்தது. ரவென்னா வெற்றிக்குப் பிறகு பராக்காவின் அம்மா அதை வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். பின்னணி மஞ்சள், மொடேனாவின் நிறம். காரை வேறு கம்பெனி செய்தாலும் சின்னம் தன்னுடையது!

காரைக் கொடுக்க மாட்டோம்

அதே காலத்தில் முதலீட்டாளர்கள் மாறினார்கள். கனியாட்டோக்கள் விலகினார்கள், அந்த இடத்துக்கு கவுன்ட் கார்லோ ஃபெலிச்சே ட்ரோஸ்ஸி வந்து தலைவரானார். அவரும் பணக்காரர், அவருக்கும் ஓட்ட ஆசை. ஒரு அமெச்சூர் போனால் இன்னொருவர் வருவார், அதில் என்ஸோவுக்குக் கவலையில்லை. ஆல்ஃபா போனால்தான் ஆபத்து.

1933-ல் அதுதான் நடந்தது. பொருளாதார மந்தத்தில் அரசு அமைப்பின் கைக்குப் போன ஆல்ஃபா, ரேஸிலிருந்து விலகியது. அப்போதைய உலகின் மிகச் சிறந்த ரேஸ் கார் அவர்களுடைய பி3. அதைப் பூட்டி வைத்தார்கள், என்ஸோவுக்கும் தரவில்லை. பழைய கார்களோடு எவ்வளவு நாள் சமாளிப்பது? சீசன் நடுவில் நுவோலாரி மஸெராட்டிக்குப் போய்விட்டார், போர்ஸாக்கினியும் போனார். பெரிய பெயர்கள் போனால் ஸ்டார்ட்டிங் மணியும் போகும், அமெச்சூர்களும் போவார்கள். மூன்றே வருஷத்தில் மொத்தக் கட்டிடமும் ஆட்டம் கண்டது.

காப்பாற்றியது 5,000 லிரா பங்குதாரர். பிரெல்லி தரப்பில் பேச்சு நடத்தி, ஆகஸ்டில் பி3 கார்கள் மொடேனாவுக்கு வந்தன. மிச்சமிருந்த சீசனில் இத்தாலி, ஸ்பெயின் கிராண்ட் பிரீ உட்பட ஆறு வெற்றிகள். சின்ன பங்குதாரரை எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இந்த ஆகஸ்ட் ஒரு பதில்.

ஆனால் அந்த செப்டம்பர் 10-ம் தேதி மோன்ஸாவில் நடந்ததை வெற்றிக் கணக்கோடு சேர்க்க முடியாது. என்ஸோவின் நெருங்கிய நண்பரும், ஆபரா பாடுவதில் பெரும் பிரியம் கொண்டவருமான ஜுஸெப்பே கம்பாரி, ஸ்குடேரியாவின் பி3-ல் விபத்துக்குள்ளாகி இறந்தார். அதே விபத்தில் இறந்த இன்னொருவர் போர்ஸாக்கினி. நாலு வருஷத்துக்கு முன் யாருக்கான விருந்தில் இந்தக் கம்பெனி பிறந்ததோ, அவரேதான். அடுத்த ஆண்டு பெஸ்காராவில் கை மோல், வயது 24. சம்பளமில்லாத ஏற்பாட்டின் இன்னொரு பக்கம் இது. லாபத்தில் பங்கு கொடுக்கலாம், உயிர் போனால் அந்தக் கணக்கை எந்தப் பத்திரத்தில் எழுதுவது?

1934-லிருந்து ஜெர்மனியின் மெர்சிடிஸும் ஆட்டோ யூனியனும் ஹிட்லர் அரசின் பண உதவியோடு வந்து இறங்கின. அமெச்சூர்களின் காசில் ஓடும் டீம் ஓர் அரசாங்கத்தோடு போட்டி போட முடியாது. திரும்பி வந்த நுவோலாரி 1935-ல் நூர்பர்க்ரிங்கில், பழைய பி3-ஐ வைத்து ஜெர்மானியர்களை அவர்கள் ஊரிலேயே தோற்கடித்தார். செம வெற்றி, ஆனால் ஒருநாள் அதிசயம்தான். அந்த வருஷ மில்லே மிலியாவில் ஒற்றை ஆள் உட்காரும் பி3-ஐ அகலப்படுத்தி, பக்கத்தில் ஒருவரைத் திணித்து பின்டகூடா ஜெயித்தார். இரண்டாமிடம் வந்தது யார் தெரியுமா? 1929 பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட டாடினி. போட்ட காசுக்கு அவர் நிஜமாகவே ரேஸ் ஓட்டினார்.

1937-ல் ஆல்ஃபா ரோமியோ ஸ்குடேரியாவின் 80 சதவீதத்தை வாங்கியது. அடுத்த ஆண்டு ஆல்ஃபாவே நேரடியாக ரேஸ் பிரிவை நடத்த, என்ஸோ அதில் மேலாளர். சொந்தப் பெயரில் டீம் வைத்திருந்தவர் மாதச் சம்பளக்காரர் ஆனார். 1939-ல் சண்டை போட்டு வெளியே வந்தார். நாலு வருஷத்துக்கு ஃபெராரி என்ற பெயரில் ரேஸ் டீம் நடத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. 1929-ல் காசைவிடப் பெரிதாக அவர் வைத்திருந்தது அந்தப் பெயரைத்தான். அதுவும் கையில் இல்லை.

மறுபடி அதே வாடிக்கையாளர்

பெயர் இல்லாமல் ஆட்டோ ஆவியோ கோஸ்ட்ருத்ஸியோனி என்ற கம்பெனியில் முதல் காரைச் செய்தார். கேட்டு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் இளம் அல்பெர்டோ அஸ்காரி, இன்னொருவர் மொடேனாவின் மார்க்கீஸ் லொட்டாரியோ ரங்கோனி, சரியான ஜென்டில்மேன் டிரைவர். 1940 மில்லே மிலியாவுக்காக ஆளுக்கொரு கார். ஃபியட் பாகங்களை வைத்துக் கட்டியதற்குச் சிக்கனம் மட்டும் காரணமில்லை, ஃபியட் அடிப்படையிலான காரில் தன் பிரிவை ஜெயிப்பவர்களுக்கு ஃபியட் பரிசு அறிவித்திருந்தது. இரண்டு காருமே பாதியில் நின்றன. அப்புறம் போர். அந்தக் காலத்தில் தொழிற்சாலைக்கான கிரைண்டிங் மெஷின் செய்து பிழைத்தார். 1943-ல் பட்டறை மரனெல்லோவுக்கு மாறியது. குண்டு விழுந்தது, திரும்பக் கட்டினார்.

1947 மே மாதம் ஃபெராரி என்ற பெயரோடு முதல் கார் ரேஸுக்கு வந்தது. முதல் ரேஸில் ஃபியூயல் பம்ப் பழுது, இரண்டு வாரம் கழித்து ரோமில் வெற்றி. ஓட்டிய ஃபிராங்கோ கோர்த்தேஸே அதற்கு முன் என்ஸோவின் மெஷின்களை விற்றுக்கொண்டிருந்தவர்!

கார் தன்னுடையதாகிவிட்டது, ஆனால் காசு வரும் வழி மாறவில்லை. ஃபெராரியின் முதல் வாடிக்கையாளர்கள் ரேஸ் ஓட்ட ஆசைப்பட்ட பெசானா சகோதரர்கள். 1948-ல் மொனாக்கோவில் கிராண்ட் பிரீ ஒன்றில் ஃபெராரி முதல் முதலாக ஓடியபோது ஓட்டியது ஃபேக்டரி டிரைவர் அல்ல, இளவரசர் இகோர் த்ருபெட்ஸ்காய், வூல்வொர்த் கடைகளின் வாரிசு பார்பரா ஹட்டனின் கணவர். 1949-ல் லி மான்ஸ் 24 மணி நேர ரேஸை ஜெயித்த காரின் சொந்தக்காரர் ஆங்கிலேயப் பிரபு செல்ஸ்டன். கூட ஓட்டிய லூயிஜி கினெட்டி 22 மணி நேரத்துக்கு மேல் தானே ஓட்டினார். பிரபு மிச்சத்தை ஓட்டினார். வரலாற்றில் இருவர் பெயரும் இருக்கிறது.

சாலையில் ஓட்டும் கார்களை விற்பதே ரேஸ் செலவுக்காகத்தான் என்பது மரனெல்லோவில் ஊரறிந்த ரகசியம். வாடிக்கையாளர் வாங்கும் ஒவ்வொரு காரிலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கான செலவு இருந்தது. 1951-ல் சில்வர்ஸ்டோனில் ஃபெராரி முதல் முறையாக உலக சாம்பியன்ஷிப் ரேஸில் ஆல்ஃபாவை வென்றது. அந்த ஆல்ஃபாவின் மூலக் கார் 1937-ல் என்ஸோவின் மொடேனா பட்டறையிலேயே உருவானது. தாயைக் கொன்றது போல இருந்தது என்று அவர் எழுதி வைத்தார்.

1956-ல் மகன் டீனோ தசைநோயால் 24 வயதில் இறந்தார். அடுத்த மே மாதம் மில்லே மிலியாவில், ஃபெராரி ஓட்டிய ஸ்பானியப் பிரபு அல்ஃபோன்ஸோ டி போர்ட்டாகோவின் கார் டயர் வெடித்துக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. அவரும், உடன் சென்றவரும், பார்வையாளர்கள் 9 பேரும் இறந்தார்கள். 9 பேரில் 5 பேர் குழந்தைகள். என்ஸோ மீது வழக்கு, 1961-ல்தான் விடுவிக்கப்பட்டார். மில்லே மிலியா அத்தோடு நின்றது. அதற்காக டீம் நிற்கவில்லை.

செக்கில் கையெழுத்து யாருடையது?

1960-களில் ரேஸ் செலவு வாடிக்கையாளர் காசுக்கு அடங்காமல் போனது. 1963-ல் அமெரிக்காவின் ஃபோர்டு விலை பேச வந்தது, சுமார் 1.8 கோடி டாலர் என்று அப்போதே பேசப்பட்டது. எல்லாம் முடியும் நேரத்தில் பத்திரத்தில் ஒரு ஷரத்து. குறிப்பிட்ட தொகைக்கு மேல் ரேஸுக்குச் செலவழிக்க ஃபோர்டின் அனுமதி வேண்டும். என்ஸோ எழுந்து போய்விட்டார். கோபத்தில் ஃபோர்டு தானே ரேஸ் கார் செய்து 1966-ல் லி மான்ஸில் முதல் மூன்று இடங்களையும் பிடித்த கதை ஹாலிவுட் படமாகவே வந்துவிட்டது. படத்தில் அவர் பிடிவாதக்காரக் கிழவர். ஆனால் 1933-ல் பூட்டிய கதவுக்கு வெளியே நின்றவர், 1937-ல் 80 சதவீதத்தை இழந்தவர் அந்த ஷரத்தை எப்படிப் படித்திருப்பார் என்பது புரிந்துகொள்ள முடியாத விஷயமில்லை.

1969-ல் ஃபியட் வந்தது. ஆமாம், வேலையில்லை என்று திருப்பி அனுப்பிய அதே ஃபியட். கம்பெனியில் 50 சதவீதம் எடுத்துக்கொண்டது. சாலைக் கார் உற்பத்தி அவர்கள் கைக்குப் போனது. ரேஸ் டீம் மட்டும் என்ஸோ உயிரோடு இருக்கும் வரை அவர் கையில். இந்தப் பத்திரத்தில் அவர் கையெழுத்துப் போட்டார்.

1988 ஆகஸ்ட் 14-ல் 90 வயதில் இறந்தார். அவர் விருப்பப்படி அடக்கம் முடிந்த பிறகே செய்தி வெளியே சொன்னார்கள். ஃபியட்டின் பங்கு 90 சதவீதமானது, மிச்சம் 10 சதவீதம் இன்னொரு மகன் பியரோவிடம்.

ஃபெராரியில் இப்போதும் பணக்கார வாடிக்கையாளர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. சாலையில் ஓட்ட அனுமதியில்லாத, ரேஸ் ட்ராக்குக்கு மட்டுமான காரை வாங்கலாம். காரை வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டியதில்லை, மரனெல்லோவிலேயே விட்டு வைக்கலாம். கம்பெனி ஆட்களே பராமரித்து, லாரியில் ஏற்றி, ட்ராக்குக்குக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஓனர் ஹெல்மெட்டோடு வந்தால் போதும்.